செல் அடிக்கிறாங்கள்

நடக்கிறேன். ஓடவில்லை. யாரும் துரத்தவில்லை. இனி வர வேண்டாம் என்று சொன்னார்கள். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை. மாலை நான்கு பத்து. முத்தாபுதுப்பேட்டை முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு சாரம், ஒரு போர்வை, அகதி அட்டை. சாரத்தை இங்கே லுங்கி என்பார்கள். சாலையின் இடது பக்கம் பாதுகாப்புத் துறையின் நீளமான மதில். மதிலுக்கு அப்பால் எங்கோ சுடும் பயிற்சி. பட். பட். பட். நிற்கிறது. மறுபடி மூன்று. எதிரே சைக்கிளில் வருகிறவர் திரும்பிப் பார்க்கவில்லை. கீரைக்கட்டு வாங்கும் அம்மாவும் பார்க்கவில்லை. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அது காற்றுச் சத்தம் மாதிரி. நான் எண்ணுகிறேன். எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது.

எட்டு நாட்களுக்கு முன்பு, சனிக்கிழமை, மாலை ஐந்து நாற்பதுக்கு, நான் ஒரு வார்த்தையைக் கத்தினேன். அதனால் ஹரிணி என்ற ஒன்பது வயதுப் பிள்ளையின் இடது கை வெந்தது. அதை ஒழுங்காகச் சொல்ல வேண்டும். ஒழுங்காகச் சொல்ல, இன்னொரு நாளையும் சொல்ல வேண்டும்.

நான் வன்னியில் பிறந்தவன். ஆறாம் வகுப்பு பாதியில் நின்றது. பிறகு மாமாவோடு படகில் வந்தேன். முகாமில் வளர்ந்தேன். ஓர் இடத்தில் இருக்க மாட்டேன். பெயிண்ட் அடித்தேன். மாட்டுத் தீவனம் ஏற்றினேன். பூந்தமல்லியில் கல்யாணப் பந்தல் கட்டினேன். திருவேற்காட்டில் கோழிக்கடை. எதிலும் ஆறு மாதம் தாண்டியதில்லை. முத்தாபுதுப்பேட்டையில் எட்டு மாதம் இருந்தேன். என் கணக்கில் அது நீண்ட காலம்.

அங்கே ஜெபா மிஸ் பிள்ளைகளை வைத்துப் பந்து விளையாட்டு நடத்தினார். அவர் திருநெல்வேலிக்காரர். கணவருக்கு ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை வேலை. குவார்ட்டர்ஸில் வீடு. சனி, ஞாயிறு மாலை நான்கரைக்குப் பிள்ளைகள் வருவார்கள். குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் பாதி, பழைய ஊர்ப் பிள்ளைகள் பாதி. மொத்தம் பதினேழு. பேசாத பிள்ளை. அடிக்கிற பிள்ளை. ஓடினால் தன் காலிலேயே தடுக்கி விழுகிற பிள்ளை. செல்லைப் பிடுங்கினால் கடிக்கிற பிள்ளை.

நிலம் டில்லி அண்ணாத்தேயுடையது. அவர்கள் குடும்பம் அங்கே நெல் விதைத்த குடும்பம். மனை போட்டு விற்றது போக மிச்சம் அரை ஏக்கர். ஒரு மூலையில் மாட்டுக்கொட்டகை. இன்னொரு மூலையில் மதில். மதிலுக்கு வெளியே இரண்டு கம்பத்தில் டிரான்ஸ்ஃபார்மர்.

என் வேலை சின்னது. சுண்ணாம்புப் பொடியில் வட்டம் போட வேண்டும். பந்துக்குக் காற்றடிக்க வேண்டும். தார்ப்பாயை விரிக்க வேண்டும். அதை எங்கள் ஊரில் தறப்பாள் என்போம். எங்களுக்கு அது கூரை. இங்கே பிள்ளைகள் அதன் ஓரத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நடுவில் பந்தை உருட்டினார்கள். ஒருவர் கையை உயர்த்தினால் எதிரே இருப்பவர் தாழ்த்த வேண்டும். இல்லாவிட்டால் பந்து விழும். விழுந்தால் எல்லாருக்கும் விழுந்தது. யாரும் வெளியே போக வேண்டியதில்லை. இன்னொரு விளையாட்டில் இரண்டு பிள்ளைகள் முதுகோடு முதுகு ஒட்டி, நடுவில் பந்தை வைத்து, கை படாமல் நடந்து கொட்டகை வரை போக வேண்டும். முதல் வாரம் எல்லாருமே சண்டை போட்டார்கள். நான்காவது வாரம் ஒருவர் அடிக்கு மற்றவர் அடி வைத்தார்கள்.

டில்லி அண்ணாத்தே மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே பார்ப்பார். ஒருநாள் கேட்டார்.

“ஏம்மா, ஜெயிச்சவன் யாரு, தோத்தவன் யாருன்னே தெர்ல. இன்னா கேமு இது?”

“அதுதான் அண்ணாச்சி கேமு,” என்றார் ஜெபா மிஸ்.

“நல்ல கேமு. எங்க பங்காளிங்கள கூப்ட்டு ஆட வுடு,” என்றார் அவர்.

ஹரிணிக்குப் பிறந்ததிலிருந்தே இடது பக்கம் பலம் குறைவு. இடது கை மடங்கியே இருக்கும். பந்து வந்தால் வலது கையைத்தான் நீட்டுவாள். இடது பக்கம் வரும் பந்தைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். ஜெபா மிஸ் எனக்கு ஒரே ஒரு பொறுப்பு கொடுத்தார். அவளுக்கு இடது பக்கமாகவே பந்தைப் போட வேண்டும். மெதுவாக. உயரமாக. எட்டு மாதம் போட்டேன். மூன்றாம் மாதம் முழங்கை விரிந்தது. ஐந்தாம் மாதம் கை தோளுக்கு வந்தது. ஏழாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைக்கு மேலே போய்ப் பந்தைத் தட்டினாள். அன்று அவள் அம்மா மைதானத்தில் இருந்தார். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் திரும்பி நின்றார்.

செல்லுக்கு ஒரு வாளி இருந்தது. நீல வாளி. பிள்ளைகளும் அம்மாக்களும் வந்ததும் செல்லை அதில் போட்டுவிட வேண்டும். வாளியை மதிலில் ஓர் ஆணியில் மாட்டுவோம். விளையாட்டு முடியும்வரை யாரும் எடுக்கக் கூடாது. ஹரிணிக்கு மட்டும் விலக்கு. அவள் அப்பாவைத் தொழிற்சாலையிலிருந்து வாகனம் பழுது பார்க்க வடக்கே எல்லை மலைப் பக்கம் அனுப்பியிருந்தார்கள். அங்கே சிக்னல் கிடையாது. சனிக்கிழமை கீழே இறங்கி வருவார். ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவில் கூப்பிடுவார். அம்மாவுக்குச் சனிக்கிழமை வேலை. அதனால் வீட்டிலிருந்த இன்னொரு செல்லை ஹரிணி கொண்டுவருவாள். மணி கேட்டால் மதிலுக்குப் பக்கத்தில் நிற்கும் பிள்ளை கத்தும்.

“ஹரிணி, செல் அடிக்குது!”

அவள் ஓடுவாள். ஆட்டம் நிற்கும். மற்றவர்கள் கை தட்டுவார்கள். அது வழக்கமாகிவிட்டது.

முதல் சனிக்கிழமை அதைக் கேட்டபோது நான் மண்ணில் குந்திவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். செருப்பு வார் அறுந்துவிட்டது என்று சொன்னேன். எங்கள் ஊரில் செல் என்றால் எறிகணை, பீரங்கிக் குண்டு. வேறு பொருள் கிடையாது. செல் அடிக்கிறாங்கள் என்றால் ஓடு. பங்கர் என்ற பதுங்குகுழிக்குள் விழு. பங்கர் இல்லையென்றால் இருந்த இடத்தில் படு. எட்டு மாதம் அந்தப் பிள்ளைகள் அந்தச் சொல்லைச் சனிக்கிழமைதோறும் கத்தினார்கள். நான் ஒருதடவையும் சொன்னதில்லை. ஃபோன் வந்திருக்கு என்பேன். பழகிவிடும் என்று நினைத்தேன். பழகியும்தான் இருந்தது.

ஒருநாள் ஜெபா மிஸ் கேட்டார், உங்க ஊர் விளையாட்டு ஏதாவது தெரியுமா தம்பி என்று. ஒன்று தெரியும் என்றேன். நூறு. எல்லாரும் வட்டமாக நிற்க வேண்டும். பந்தை உள்ளங்கையால் மேலே தட்ட வேண்டும். ஒருவரே இரண்டு தரம் தட்டக் கூடாது. எல்லாரும் சேர்ந்து சத்தமாக எண்ண வேண்டும். தரையில் பட்டால் ஒன்றிலிருந்து. நூறு வந்தால் எல்லாருக்கும் வெற்றி. அவ்வளவுதான்.

நான் எண்ணிக் காட்டினேன். ஒண்டு, ரெண்டு, மூண்டு. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு அவர்களும் அப்படியே எண்ணினார்கள். நையாண்டிக்குத் தொடங்கியது. அப்படியே நின்றுவிட்டது. முத்தாபுதுப்பேட்டையில் பதினேழு பிள்ளைகள் ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று கத்துவதை மதிலுக்கு அப்பால் போகிறவர்கள் நின்று கேட்டார்கள். சிலோன் அண்ணா என்று எனக்குப் பெயர் வைத்தார்கள். அவர்களுடைய அதிகபட்சம் ஐம்பத்திரண்டு.

அந்த விளையாட்டை நான் எங்கே கற்றேன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மாத்தளன். வன்னியில், கடலுக்கும் களப்புக்கும் நடுவில் ஒரு மணல் துண்டு. களப்பை இங்கே காயல் என்பார்கள். இரண்டாயிரத்து ஒன்பது, மாசி மாதம். எனக்குப் பதினொரு வயது. தறப்பாளுக்குப் பக்கத்தில் தறப்பாள். சமைக்க அரிசி இல்லை. கஞ்சிக்கு வரிசை. நாங்கள் அங்கே ஏழாவது தடவையாக இடம் மாறி வந்திருந்தோம். அம்மா, அப்பா, நான், தங்கை தர்சினி. அவளுக்கு ஏழு வயது.

பக்கத்துத் தறப்பாளில் வதனா அக்கா. முன்பள்ளி ஆசிரியை. பிள்ளைகளுக்குக் கை நடுங்கியது. எல்லாருக்கும். தண்ணீர்க் குவளை பிடித்தால் சிந்தியது. ஒருவரை ஒருவர் கடித்தார்கள். அக்கா ஒரு பழைய சேலையைக் கிழித்து, உள்ளே பொலித்தீன் திணித்து, ஒரு பந்து தைத்தார். வட்டத்திலிருந்து பன்னிரண்டு எட்டு வைத்தால் பங்கர். இது ஒரு ஆளின் பந்து இல்லை, எல்லாருடைய கையும் வேணும் என்றார். பதினான்கு பிள்ளைகள்.

ஆனால் பதின்மூன்று பேர்தான் விளையாடுவோம். ஒருவர் காது. அதுதான் அந்த இடத்துச் சட்டம். தினமும் ஒரு பிள்ளை வட்டத்துக்கு வெளியே, பங்கர் வாசலில் நிற்க வேண்டும். பந்தைப் பார்க்கக் கூடாது. சத்தத்தை மட்டும் கேட்க வேண்டும். தூரத்தில் டும் என்றால் எறிகணை புறப்பட்டுவிட்டது. அதிலிருந்து பதினைந்து எண்ணலாம். சில நேரம் பதினேழு. காது கத்த வேண்டும். எல்லாரும் உள்ளே போக வேண்டும். அப்படி ஆறு தடவை உள்ளே போய்ப் பிழைத்திருக்கிறோம். சின்னப் பிள்ளைகள்கூட நாலு எண்ணுவதற்குள் இறங்கிவிடுவார்கள். கை நடுக்கம் குறைந்தது. கடிப்பது நின்றது. அதையும் சொல்ல வேண்டும். அந்த விளையாட்டு வேலை செய்தது.

திங்கட்கிழமை. காலை ஒன்பது இருபது. அக்காவின் கையில் கடிகாரம் இருந்தது. அன்று நான் காது.

அதுவரை எங்கள் அதிகபட்சம் எழுபத்துநாலு. அன்று பந்து விழவே இல்லை. எண்பது. எண்பத்தைந்து. நான் பந்தைப் பார்த்தேன். பார்க்கக் கூடாது. பார்த்தேன். தொண்ணூறு. தொண்ணூற்றொன்று.

டும்.

களப்புக்கு அப்பால். தெளிவாகக் கேட்டது. பதினைந்து எண்ண நேரம் இருக்கிறது. நூறுக்கு ஒன்பது தட்டுதான். ஒன்பது போனால் ஆறு மிச்சம். நாலுக்குள் இறங்கிவிடுவார்கள். நான் கணக்குப் போட்டேன். பதினொரு வயதில் அவ்வளவு விரைவாக வேறெந்தக் கணக்கும் போட்டதில்லை. கணக்கு சரி. இன்றைக்கும் சரிபார்க்கிறேன். சரியாகத்தான் இருக்கிறது.

தொண்ணூற்றொன்பது. நூறு.

நூறு வந்தது. நான் கத்தினேன்.

“செல் அடிக்கிறாங்கள்! ஓடுங்கோ!”

ஒருவருக்கும் கேட்கவில்லை. அவர்களும் கத்திக்கொண்டிருந்தார்கள். நூறு, நூறு என்று. பதின்மூன்று பேரும். வதனா அக்காவும். மாதக் கணக்கில் அந்த மணலில் யாரும் சந்தோஷத்தில் கத்தியதில்லை. அது எவ்வளவு பெரிய சத்தம் என்பது என் கணக்கில் இல்லை. தர்சினி பந்தைத் தலையில் வைத்துக்கொண்டு குதித்தாள். சின்னதுகள் அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டார்கள்.

கூய் என்று வந்தது.

நான் பங்கருக்குள் கிடந்தேன். குதித்தேனா, காற்று தள்ளியதா தெரியாது. எங்கிருந்து வந்தது, யார் அடித்தது என்று அப்போது யாரும் கேட்கவில்லை. கேட்டவர்கள் பிறகு கேட்டார்கள். நான் ஏறி வந்து பார்த்தேன். பார்த்ததை எழுத மாட்டேன். எத்தனை பேர் என்பதை மட்டும் பின்னால் எழுதுகிறேன்.

இனி அந்தச் சனிக்கிழமை.

மாலை ஐந்து நாற்பது. நூறு நடக்கிறது. ஜெபா மிஸ் வட்டத்துக்குள் நிற்கிறார். நான் வெளியே. டில்லி அண்ணாத்தே மாட்டுக்கு ஹோஸில் தண்ணீர் பிடிக்கிறார். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. ஹரிணி இடது கையால் ஒன்று தட்டினாள். நாற்பது. நாற்பத்தொண்டு.

டும்.

டிரான்ஸ்ஃபார்மரில் ஏதோ போய்விட்டது. அது பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது டும் மட்டும்தான். காகங்கள் எழுந்தன. பந்து மேலே இருக்கிறது. இந்தத் தடவை நான் கணக்குப் போடவில்லை. நாற்பத்தொண்டிலேயே கத்தினேன். என் வாழ்நாளில் அவ்வளவு பலமாகக் கத்தியதில்லை.

“செல் அடிக்கிறாங்கள்! செல் அடிக்கிறாங்கள்!”

கத்திவிட்டு விழுந்து படுத்தேன். முகம் மண்ணில். கை கழுத்தில். முழங்கை உள்ளே. எண்ணத் தொடங்கினேன். ஒண்டு. ரெண்டு. மூண்டு.

காலடிச் சத்தம் கேட்டது. சின்னக் கால்கள். ஒரே ஒருத்தியின் கால்கள். என் தலையைத் தாண்டி மதில் பக்கம் போயின. பிறகு இன்னொரு சத்தம். எனக்கு அது என்னவென்று விளங்கவில்லை. நான் படுத்தபடியே கேட்டேன். கை தட்டுகிறார்கள். பதினாறு பிள்ளைகளும் கை தட்டுகிறார்கள். ஹரிணிக்கு அவள் அப்பா கூப்பிடுகிறார் என்று.

பதினொன்றில் வெடித்தது.

அதற்குப் பிறகு யாரோ கைவிட்ட பந்தின் சத்தம். தொப். தொப். உருண்டது. பிறகுதான் அவள் குரல்.

நான் எழுந்தபோது அவள் வாளிக்குக் கீழே இருந்தாள். மதிலுக்கு மேலே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து சூடான எண்ணெய் தெறித்திருந்தது. முகத்தில் படவில்லை. கையை உயர்த்தி முகத்தை மறைத்திருந்தாள். இடது கையை. மேலேயிருந்து எது வந்தாலும் இடது கையைத் தூக்கு என்று எட்டு மாதம் பழக்கியது நான்.

டில்லி அண்ணாத்தே மாட்டு ஹோஸோடு ஓடி வந்தார். தண்ணீரைக் கையில் விட்டுக்கொண்டே இருந்தார். ஜெபா மிஸ் அவளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். நான் சுண்ணாம்பு வட்டத்துக்குள் நின்றேன். மற்றப் பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். என் சட்டை முழுக்க மண்.

பெற்றோர் கூட்டத்தை எட்டு நாள் கழித்து வைத்தார்கள். இன்று மதியம் மூன்று மணி. டில்லி அண்ணாத்தேயின் நிலத்தில்தான். பதினைந்து அம்மாக்கள். நாலைந்து அப்பாக்கள். டிரான்ஸ்ஃபார்மர் பழையது என்று ஒருவர் சொன்னார். வாளியை அங்கே மாட்டியது தப்பு என்று ஒருவர். ஜெபா மிஸ் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றார். ஹரிணியின் அம்மா கடைசியில் எழுந்தார். என்னைப் பார்த்துக் கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

“அன்னிக்கு செல் அடிக்கவே இல்ல. நீங்க ஏன் அடிக்குதுன்னு சொன்னீங்க? அது மட்டும் எனக்குத் தெரியணும்.”

சொன்னேன். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் என்றேன். குண்டு என்றேன். டும் என்று கேட்டதும் வாயில் அதுதான் வந்தது என்றேன். மாத்தளனைச் சொல்லவில்லை. நூறு என்ற விளையாட்டு எங்கிருந்து வந்தது என்று ஓர் அப்பா கேட்டார். அதையும் சொன்னேன். பாதிதான் சொன்னேன். பாதியே அதிகமாகிவிட்டது. பிள்ளைகளின் அம்மாக்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். குண்டு விழும் இடத்தில் விளையாடிய விளையாட்டையா எங்கள் பிள்ளைகள் விளையாடினார்கள் என்று பின்னால் ஒரு குரல்.

ஹரிணியின் அம்மா உட்காரவில்லை.

“அந்த வார்த்தைய இங்க எதுக்கு எடுத்துட்டு வந்தீங்க?” என்றார்.

நான் எடுத்து வந்த பையில் அது இருந்தது. நான் வைக்கவில்லை.

ஜெபா மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கண் சிவந்திருந்தது.

“தம்பி, நான் சொல்லல. எல்லாரும் சொல்லுதாங்க. நீங்க இனி வர வேண்டாம். நானும் நிறுத்திட்டேன், பிள்ளைகள யாரும் அனுப்ப மாட்டாங்க,” என்றார்.

பந்துகளையும் தார்ப்பாயையும் கொட்டகைக்குள் வைத்தேன். டில்லி அண்ணாத்தே கதவைப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டார்.

“இன்னா சிலோனு, கெளம்பிட்டியா? எங்க போவ?”

தெரியாது என்றேன்.

“அம்பத்தூர்ல என் மச்சான் குமாரு பவர் பிரஸ்ல கீறான். அவனாண்ட சொல்லி வெக்கிறேன். காலைல எட்டு மணிக்குப் போய் நில்லு. பேசாத. நில்லு, போதும்.”

இப்படித்தான் நடக்கத் தொடங்கினேன்.

ஆவடி வந்தாயிற்று. ஐந்து இருபது. ரயில் ஏறவில்லை. பருத்திப்பட்டுப் பக்கம் திரும்புகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து ஹரிணியை அங்கே அவள் சித்தி வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஏரிக்குப் பின்னால் இரண்டாவது தெரு என்று ஜெபா மிஸ் சொல்லியிருந்தார். போகச் சொல்லவில்லை. கேட்டேன், சொன்னார்.

ஏரிக்கரையில் ஆட்கள் நடக்கிறார்கள். காதில் வயர். கையில் செல். ஆறு மணிக்கு முன்பே வீட்டைக் கண்டுபிடித்துவிட்டேன். இரும்புக் கம்பிக் கதவு. உள்ளே முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். இடது கை தோளிலிருந்து விரல் வரை கட்டு. தலையணை மேல் வைத்திருக்கிறார்கள். அவள்தான் முதலில் பார்த்தாள். சிலோன் அண்ணா என்றாள். உள்ளேயிருந்து அம்மா வந்தார். பஸ்ஸில் எனக்கு முன்பே வந்துவிட்டிருந்தார். என்னைப் பார்த்தார்.

“ரெண்டு நிமிஷம் பேசுங்க. அப்புறம் இந்தப் பக்கம் வராதீங்க,” என்றார். கதவைத் திறக்கவில்லை. அதில் தப்பில்லை.

ஹரிணி கேட்டாள்.

“அண்ணா, அன்னிக்கு எத்தன வந்துச்சு?”

“நாப்பத்தொண்டு.”

“நாப்பத்தொண்ணு,” என்று திருத்தினாள். பிறகு, “அப்பா அன்னிக்கு ஃபோன் பண்ணவே இல்ல. ஆஸ்பத்திரில செல்ல வாங்கிப் பாத்தேன். மிஸ்டு காலே இல்ல. நீங்க சும்மா சொன்னீங்களா?”

“பிழையாச் சொல்லிட்டன்.”

“பிழைன்னா?”

“தப்பு.”

“தப்பா சொல்லிட்டீங்களா?”

“ஓம்.”

அவள் கட்டைப் பார்த்தாள். விரல் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. மடங்கியிருந்தது. எட்டு மாதத்துக்கு முன்பு எப்படி மடங்கியிருந்ததோ அப்படி. சித்தி பின்னால் நின்றுகொண்டு சொன்னார். தோல் ஆறும்போது இறுகுமாம். முழங்கை விரியாதாம். தோளுக்கு மேலே போகாதாம். அறுத்து ஒட்டினால் கொஞ்சம் வரலாமாம். முன்னமே பலம் இல்லாத கை, அதனால் நம்பிச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னாராம். யாருக்கோ சொல்வது போலச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன்.

இரண்டு நிமிடம் ஆகிவிட்டது. அம்மா உள்கதவைச் சாத்தினார்.

படுத்தது ஆவடி பேருந்து நிலையத்தில். காலையில் குழாயில் முகம் கழுவி, ஏழு ஐந்து மின்சார ரயிலில் ஏறினேன். அம்பத்தூர். எஸ்டேட்டுக்குள் நடந்து, கேட்டுக் கேட்டு, எட்டுக்குப் பத்து நிமிடம் முன்பு தகடு வெட்டும் பவர் பிரஸ் பட்டறை வாசலில் நின்றேன். பேசவில்லை. நின்றேன். குமார் வந்தார். நோட்டைத் திறந்தார்.

“ஊட்ல எத்தினி பேரு?”

நான் ஒருத்தன் என்றேன். ஒன்று என்று எழுதிக்கொண்டார்.

மீதியை இங்கே எழுதுகிறேன்.

மாத்தளனில் அந்த இடத்திலேயே: வதனா அக்கா. தர்சினி, ஏழு வயது. கஜன், பத்து. நிரோஜா, பத்து. சுதன், சுதா, இரட்டைப் பிள்ளைகள், ஆறு. பிரதீபன், ஒன்பது. இன்னொரு பையன், ஐந்து வயது இருக்கும், சின்னவன் என்று கூப்பிடுவோம், உண்மைப் பெயர் தெரியாது. அடுத்த நாள்: மதுரா, பன்னிரண்டு. கீர்த்தனன், எட்டு. பதினான்கு பிள்ளைகளில் ஒன்பது. அடுத்த மாதம் அம்மா. வைகாசியில், சண்டையின் கடைசி நாட்களில், வட்டுவாகலில் அப்பாவைக் கடைசியாகப் பார்த்தேன். இறந்தவர் கணக்கில் எழுதவில்லை. இருப்பவர் கணக்கிலும் எழுத முடியவில்லை. சேலைத் துணிப் பந்து ஒன்று.

முத்தாபுதுப்பேட்டையில்: இறந்தவர் இல்லை. ஹரிணியின் இடது கை. பதினேழு பிள்ளைகளின் சனியும் ஞாயிறும். ஜெபா மிஸ்ஸின் விளையாட்டு. பூட்டிய கொட்டகைக்குள் நாலு பந்து, ஒரு தார்ப்பாய்.

எட்டு மணிக்கு மெஷின் போட்டார்கள். பதினான்கு மெஷின். ஒவ்வொன்றும் இரண்டு நொடிக்கு ஒருதரம் தகட்டில் இறங்குகிறது. டம். டம். டம். நடுவில் இடைவெளியே இல்லை. எண்ண முடியவில்லை. என் வேலை, கீழே விழும் இரும்பு வளையங்களைக் கூடையில் அள்ளி அடுத்த மேசைக்குக் கொண்டுபோவது. குமார் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு என் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துச் சொன்னார்.

“இங்க கத்தினா ஒருத்தனுக்கும் கேக்காது. இன்னா வேணும்னாலும் கைய காட்டு.”

சரி என்றேன். அதுவும் அவருக்குக் கேட்கவில்லை. தலையாட்டினேன். கூடையை எடுத்துக்கொண்டேன்.